கீர்த்தனைக்குள்ளிருந்து ராகம் எடுப்பது

நாயனம் கற்கும் பிள்ளைகள் நாலைந்து வருடம் ஆனதும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். வர்ணங்கள் கையில் இருக்கும். கீர்த்தனை இருபது முப்பது பாடம் ஆகியிருக்கும். கல்யாண வீட்டில் கேட்கிற சினிமாப் பாட்டெல்லாம் விரலிலேயே இருக்கும். ஆனால் சாமி புறப்பாட்டில் மல்லாரி முடிந்து, "ஒரு ராகம் வாசிப்பா" என்று செட்டில் மூத்தவர் சொன்னால் இரண்டு நிமிடத்தில் கையிருப்பு தீர்ந்துபோகிறது. ஆரோகணத்தில் ஏறுகிறார்கள், அவரோகணத்தில் இறங்குகிறார்கள், மேல் ஷட்ஜத்தில் ஒரு கார்வை கொடுக்கிறார்கள். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் தவில்காரர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

இந்த அத்தியாயம் அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதப்பட்டது. வாசுதேவநல்லூர், சிவகிரி, புளியங்குடி, சங்கரன்கோவில் வட்டாரத்து நாயனப் பிள்ளைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். வயலின், புல்லாங்குழல், சாக்ஸபோன் வாசிப்பவர்களுக்கும் பாடுபவர்களுக்கும் இதே வழிதான். நான் சொல்ல வருவது ஒன்றே: ராகம் விரிப்பதற்கென்று தனியாக ஒரு பாடம் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. நீங்கள் ஏற்கெனவே மனப்பாடம் செய்த கீர்த்தனைக்குள்தான் அது இருக்கிறது. முப்பது கீர்த்தனையை மேலோட்டமாகத் தெரிந்தவரைவிட, ஒரே ஒரு கீர்த்தனையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தவர் நீண்ட நேரம் ராகம் வாசிப்பார்.

ஏணிப்படி ராகம் ஆகாது

ஆரோகண அவரோகணத்தை மட்டும் வைத்து ராகம் வாசிக்க முடியாது என்பதற்கு இரண்டு சான்று போதும். காம்போதியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஹரிகாம்போதியில் பிறந்தது, அதன் நிஷாதம் கைசிகி. ஆனால் 'ஸ நி ப த ஸ' என்று வரும்போது மட்டும் காகலி நிஷாதம் எட்டிப் பார்க்கும். வேறெங்கே அதைத் தொட்டாலும் ராகம் கெட்டுவிடும். ஸ்ரீ ராகத்தில் தைவதத்துக்கு அதே கதி. 'ப த நி ப ம ரி க ரி ஸ' என்ற பிடியில் அது ஒரு தடவை வந்து போகும். மற்ற இடங்களில் அதற்கு வேலை இல்லை. இந்த ஸ்வரங்கள் எப்போது வரலாம், எதன் கையைப் பிடித்துக்கொண்டு வரலாம், வந்தபின் எங்கே போய் நிற்கலாம் என்பதை எந்த அட்டவணையும் சொல்லித் தராது. காம்போதிக்கு 'ஓ ரங்கசாயி' சொல்லித் தரும், ஸ்ரீ ராகத்துக்கு 'எந்தரோ மஹானுபாவுலு' சொல்லித் தரும்.

தியாகராஜரும் தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் ராகத்தை முழுதாக விரித்துப் பார்த்தபின்தான் அதன் சாரத்தை எட்டு, பத்து ஆவர்த்தனத்துக்குள் அடக்கினார்கள். நாம் செய்ய வேண்டியது அதைத் திருப்பி விரிப்பது.

நம் பக்கத்துச் செல்வம்

இதற்காகத் தஞ்சாவூருக்கு ஓட வேண்டாம். வாசுதேவநல்லூரிலிருந்து சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி வழியாகப் போனால் எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்தது அங்கேதான். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனையின் வித்வான். அந்த வழியில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்திலிருந்தே வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இன்றுவரை கர்நாடக சங்கீதத்துக்கு ஆதார நூல். முதலில் தெலுங்கு எழுத்தில் வந்தது. பின்னர் சென்னை மியூசிக் அகாடமி தமிழ் எழுத்தில் பல தொகுதிகளாகக் கொண்டுவந்தது.

அந்த நூல் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையைக் கவனியுங்கள். ராகத்துக்கு ராகம் முதலில் லட்சணம், அடுத்து கீதம், பிறகு கமகக் குறிகளோடு கீர்த்தனைகள், கடைசியில் சுப்பராம தீட்சிதரே இயற்றிய ஒரு சஞ்சாரி. அதாவது இலக்கணத்தைக் காட்டி, பெரியவர்கள் செய்துவைத்ததைக் காட்டி, அதிலிருந்து தாம் எடுத்ததையும் இயற்றிக் காட்டிவிட்டுப் போகிறார். மனோதர்மம் கற்கும் முறையே அந்த வரிசைக்குள் இருக்கிறது. புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் பெரும்பாலும் கீர்த்தனையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீங்கள் அந்தச் சஞ்சாரியையும் விடாமல் வாசியுங்கள்.

கழுகுமலை முருகன் மீது தீட்சிதர் பாடிய 'சுப்ரமண்யேன ரக்ஷிதோஹம்' சுத்த தன்யாசியில் இருக்கிறது. அதே முருகன் மீது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடியது காவடிச்சிந்து. ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில் இருந்த ரெட்டியார் இளம் வயதிலேயே, 1891-ல், இறந்துபோனார். அதற்குள் அவர் கட்டிவைத்த சந்தங்கள் இன்றும் காவடி எடுக்கிறவர்களின் காலில் இருக்கின்றன. தெற்கே அரிகேசநல்லூரில் முத்தையா பாகவதர் (1877–1945). சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் காருகுறிச்சியில் நாயன வித்வான் அருணாசலம் (1921–1964). ஒரு மாவட்ட அகலத்துக்குள் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது. இந்த அத்தியாயத்தின் பயிற்சிகளை இவர்களுடைய படைப்புகளைக் கொண்டே அமைத்திருக்கிறேன்.

எதை எடுப்பது

முதல் ராகமாகத் தோடியை எடுக்காதீர்கள். நாயன மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைக் கேட்டவர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அங்கே ஒவ்வொரு ஸ்வரத்தின் அசைவும் தனித்தனிப் படிப்பு.

தீட்சிதர் கீர்த்தனையே பாரமாகத் தெரிந்தால் காவடிச்சிந்திலிருந்து தொடங்கலாம். சிந்துகளில் பல செஞ்சுருட்டியில் பாடப்படுகின்றன. செஞ்சுருட்டி, மந்தர பஞ்சமத்துக்கும் மத்திய நிஷாதத்துக்கும் இடையில் குடியிருக்கும் ராகம், பொதுவாக மேல் ஷட்ஜம் வரை போகாது. எல்லை சிறியதாக இருப்பதால் தொடங்குகிறவருக்குத் தைரியம் வரும். எல்லோருக்கும் மெட்டு தெரிந்திருப்பதால் எங்கே மாற்றினீர்கள் என்பதைக் கேட்கிறவர்களும் கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

ஓரளவு பாடம் ஆனவர்கள் சுத்த தன்யாசியையே எடுத்துக்கொள்ளலாம். ஸ க ம ப நி ஸ, ஸ நி ப ம க ஸ. சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், கைசிகி நிஷாதம். ஐந்தே ஸ்வரம், வளைவு இல்லை, அன்னிய ஸ்வரம் இல்லை. சிறிய ராகம் என்று நினைக்க வேண்டாம். ஸ்வரம் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றின் அசைவையும் நிற்கும் இடத்தையும் நம்பித்தான் ராகத்தை நடத்த வேண்டும், அதனால் பயிற்சிக்கு இது நல்ல களம். காந்தாரம் மத்தியமத்தைத் தொட்டு அசையும். நிஷாதம் மேல் ஷட்ஜத்தைத் தொட்டு அசையும். இந்த இரண்டு அசைவும் இல்லாமல் நேராக ஊதினால் ராகம் வெறும் ஐந்து துளை ஆகிவிடும்.

குழலைக் கீழே வையுங்கள்

முதல் வேலை கேட்பதும் பாடுவதும்தான். கீர்த்தனையைப் பெரிய வித்வான் ஒருவர் பாடிய பதிவாகத் தேர்ந்தெடுங்கள். ஒரே பாடாந்தரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் பாடியதைக் கலந்து கற்றால் நாலும் தங்காது. கைப்பேசியில் வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதி இருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் குறைத்த வேகத்தில் கமகம் அளவுக்கு மீறி இழுபட்டுக் கேட்கும். அதையே பழக்கமாக்கிக்கொள்ளாமல் கடைசியில் எப்போதும் உண்மையான வேகத்தில் ஒருமுறை கேட்டு முடியுங்கள்.

பிறகு வாய்விட்டுப் பாடுங்கள். "எனக்குக் குரல் இல்லையே" என்று சொல்லும் நாயனப் பிள்ளைகள் அதிகம். கச்சேரிக்குப் பாடச் சொல்லவில்லை. தொண்டையில் வராத பிடி விரலுக்கு வந்தாலும் அது பழக்கத்தால் வந்ததாக இருக்கும், நினைவால் வந்ததாக இருக்காது. நாதஸ்வரத்தில் இது இன்னும் முக்கியம். விரல் வைக்கும் துளை ஏழுதான். காந்தாரத்தின் அசைவும் அரை ஸ்வரமும் பாதித் துளையிலும் மூச்சின் அழுத்தத்திலும்தான் பிறக்கின்றன. மனதுக்குள் கேட்காத ஸ்வரத்தை மூச்சு தேடிக் கண்டுபிடிக்காது.

அடுத்து எழுதுவது. அச்சில் வந்த ஸ்வரப்படுத்திய புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, காதால் கேட்டு நீங்களே எழுதுங்கள். ஒரு வரிக்கு ஒரு ஆவர்த்தனம், ஆதி தாளமானால் எட்டுக் கட்டம். தப்பும் தவறுமாகத்தான் முதலில் வரும். முடித்தபின் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வரும் இடங்கள்தான் உங்கள் காது இன்னும் பழக வேண்டிய இடங்கள், அவற்றை சிவப்பு மையில் சுழித்துவையுங்கள். நம் பக்கத்தில் பாடம் வாய்வழியாகவே வந்ததால் எழுதுவதை மட்டமாக நினைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. எட்டயபுரத்தில் ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்ததை எழுதிவைத்ததால்தான் இன்று நமக்கு தீட்சிதர் இவ்வளவு கிடைத்திருக்கிறார்.

பிடிகளைப் பிரிப்பது

எழுதியதை வைத்துக்கொண்டு, மெட்டு எங்கெங்கே மூச்சு விட்டு நிற்கிறது என்று பாருங்கள். அந்த நிற்கும் ஸ்வரங்களை வட்டமிடுங்கள். அவைதான் நியாச ஸ்வரங்கள். ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு பிடி. ஒரு கீர்த்தனையில் ஏழெட்டு நல்ல பிடிகளாவது கிடைக்கும். ஒவ்வொன்றையும் நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதி, மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். எந்த ஸ்வரத்திலிருந்து உள்ளே நுழைகிறது? எதில் போய் நிற்கிறது? விளம்பமாகவா, துரிதமாகவா நடக்கிறது?

தீட்சிதர் கீர்த்தனைகளில் பொதுவாகக் கடைசியில் மத்தியம கால சாகித்தியம் வரும். அதை ஒரு பரிசாகவே நினைக்கிறேன். நிதானமாக நடந்துவந்த ராகம் அங்கே இரட்டை வேகத்தில் எப்படி நடக்கும் என்பதை அவரே காட்டிவிடுகிறார். வேகமாக வாசிப்பது என்றால் பிருகா பொழிவது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், அங்கே எந்த ஸ்வரத்தின் அசைவு குறைகிறது, எது குறையாமல் அப்படியே நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போதுதான் முக்கியமான வேலை. பிடியிலிருந்து முதலில் சாகித்தியத்தை எடுத்துவிடுங்கள், அகாரத்தில் பாடுங்கள். பிறகு தாளத்தையும் எடுத்துவிடுங்கள். தாளம் போனதும் பிடி தடுமாறும். எந்த ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்று இதுவரை தாளம் சொல்லிவந்தது, இனி நீங்கள் சொல்ல வேண்டும். கீர்த்தனை வாசிப்பவர் ஆலாபனை வாசிப்பவராக மாறுவது இந்த நொடியில்தான். நாலு அட்சரத்தில் முடிந்த 'ஸ க ம ப' இப்போது இருபது நொடி எடுத்துக்கொள்ளலாம். காந்தாரத்தில் அசைந்து நிற்கலாம், மத்தியமத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஷட்ஜத்துக்கே வரலாம், பஞ்சமத்தைக் காட்டாமலே கேட்கிறவரைக் காக்கவைக்கலாம்.

தனித்தனியாகப் பழகிய பிறகு, கீர்த்தனையில் பக்கத்துப் பக்கத்தில் வராத இரண்டு பிடிகளைச் சேர்த்துப் பாருங்கள். பல்லவியின் தொடக்கத்தோடு சரணத்தின் முடிவு ஒட்டுகிறதா? ஒட்டவில்லை என்றால் நடுவில் ஒரு சிறு பாலம் வேண்டும். அந்தப் பாலம்தான் உங்கள் முதல் சொந்த சஞ்சாரம். 'நி ஸ க ம ப ம க ஸ' மாதிரி எளிமையாக இருந்தாலும் போதும்.

இதோடு ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் முழுக்க மத்திய பஞ்சமத்தைத் தாண்டாமல் ராகம் வாசிப்பது. மறுநாள் பஞ்சமத்திலேயே தொடங்கி அதற்குக் கீழே இறங்காமல் வாசிப்பது. ஏறுவதற்கு இடமில்லாதபோதுதான் இருக்கும் ஸ்வரங்களைச் சுற்றி என்னென்ன செய்யலாம் என்று மனம் யோசிக்கத் தொடங்கும். துத்தகாரத்தில் ஒருமுறை, அகாரத்தில் ஒருமுறை, விரலடியில் ஒருமுறை என்று ஒரே பிடியை மாற்றி மாற்றி வாசித்தால் அதுவே மூன்று பிடியாகக் கேட்கும்.

ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் இந்தப் பக்கம் வரை எட்டிப் பார்க்கும். அந்த மாதங்களில் ஈரக்காற்றால் சீவாளியின் இறுக்கம் நாளுக்கு நாள் மாறும், சுருதி பிடிப்பதே பாடாக இருக்கும். பாடிப் பழகும் வேலையையும் எழுதும் வேலையையும் அந்தப் பருவத்துக்கு ஒதுக்கிக்கொள்வது நல்லது.

ஜாஸ்காரர்கள் எப்படிப் படித்தார்கள்

இந்த முறை நமக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸ் இசையும் மனோதர்மத்தை நம்பி நிற்பதுதான். அங்கும் பெரிய கலைஞர்கள் முன்னோரின் வாசிப்பை அப்படியே உள்வாங்கித்தான் சொந்த வாசிப்புக்கு வந்தார்கள்.

சார்லி பார்க்கர் என்ற சாக்ஸபோன் கலைஞர் 1937 கோடையில், பதினாறு பதினேழு வயதில், ஓசார்க் மலைப்பகுதியில் ஒரு விடுதிக் குழுவில் வாசிக்கப் போனார். கவுன்ட் பேஸி குழுவின் இசைத்தட்டுகளைக் கூடவே கொண்டுபோனார். அவற்றில் லெஸ்டர் யங் வாசித்த கற்பனைப் பகுதிகளை ஒன்றுவிடாமல் காதால் கேட்டுப் பாடம் செய்தார். ஊருக்குத் திரும்பியபோது அவர் வாசிப்பே மாறியிருந்தது. பின்னாளில் அவர் புதுப்பித்த இசையைக் கேட்டால் லெஸ்டர் யங்கின் நகல் என்று யாரும் சொல்ல முடியாது. முழுதாகப் பாடம் செய்தவரால்தான் அந்த இடத்தை விட்டு விலகி வெளியே வர முடிந்தது.

ஸ்டீவ் லேசி என்ற இன்னொரு சாக்ஸபோன் கலைஞர் வேறு வழியில் போனார். தெலோனியஸ் மங்க் என்ற பியானோ மேதையின் உருப்படிகளையே வருடக்கணக்கில் படித்தார். 1958-ல் அவர் பதிவுசெய்த 'ரிஃப்ளெக்ஷன்ஸ்' தட்டு முழுவதும் மங்க்கின் உருப்படிகள்தான். ஒரே வாக்கேயக்காரரைப் பிடித்துக்கொண்டால் அவர் எப்படி யோசிப்பார் என்பது பிடிபடும், அது பத்துப் பேரிடம் பத்து உருப்படி கற்பதால் வராது. அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரும் மங்க்கிடம் ஆழமாகப் போனவர். 2010-ல் வந்த அவருடைய 'சோலோ' ஆல்பத்தில் மங்க்கின் 'எபிஸ்ட்ரஃபி'யைக் கேட்டுப் பாருங்கள். அடிப்படை உருப்படி தெரிகிறது, வாசிப்பு முழுக்க விஜய் ஐயருடையது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டாமி ஃப்ளானகன். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1959-ல் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' என்ற தம் உருப்படியைப் பதிவுசெய்தபோது பியானோவில் இருந்தவர் அவர். உருப்படியின் அடியில் ஓடும் ஸ்வரக்கட்டுகள் மிக வேகமாக ஆதாரம் மாறிக்கொண்டே போகும். கோல்ட்ரேன் அதில் நீண்ட நாள் சாதகம் செய்திருந்தார். ஃப்ளானகனுக்கு அந்த அவகாசம் இல்லை. அந்தத் தட்டில் அவர் தயங்கித் தயங்கி வாசிப்பது இன்றும் கேட்கிறது. அவர் சாதாரணக் கலைஞர் இல்லை, அக்காலத்தின் முதல்தர பியானோ வித்வான்களில் ஒருவர். 1982-ல் கோல்ட்ரேனுக்கு அஞ்சலியாக ஒரு தட்டு செய்தார், அதே உருப்படியைத் தலைப்பாக வைத்தார், அதற்குள் சரளமாக நடந்து காட்டினார். உருப்படியோடு வாழாமல் அதில் கற்பனை செய்ய முடியாது என்பது பெரிய வித்வானுக்கும் பொருந்தும்.

அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, காதால் கேட்டு எழுதுவது. இன்னொன்று, பெரியவர்கள் இயற்றிய உருப்படியை மட்டுமல்லாமல் அவர்கள் வாசித்த கற்பனைப் பகுதியையும் ஒரு கீர்த்தனை மாதிரியே பாடம் செய்வது. நம்மில் ஆலாபனையைக் கேட்டு மகிழ்வதோடு சரி, அதை ஸ்வரம் ஸ்வரமாக எழுதிப் பாடம் செய்பவர்கள் மிகக் குறைவு. எடுத்துக்கொள்ளக் கூடாததும் உண்டு. அவர்கள் ஒரு பிடியைப் பன்னிரண்டு ஆதார சுருதியிலும் வாசித்துப் பழகுவார்கள், ஏனென்றால் அவர்கள் இசையில் ஆதாரம் நகரும். நம் ஒத்து நகராது. நமக்கு அதற்கு ஈடானது ஒரே பிடியை மூன்று காலத்திலும், மூன்று ஸ்தாயியிலும் பழகுவது.

காருகுறிச்சியாரோடு ஒரு மாதம்

காருகுறிச்சி அருணாசலம் ராஜரத்தினம் பிள்ளையிடம் சேர்ந்து, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து கூட வாசித்தே வளர்ந்தவர். அப்படி வாசிக்கும்போது குரு எடுக்கும் பிடியை அந்தக் கணமே பிடித்துத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் ஒத்துக்காரராகவே இருந்துவிட வேண்டியதுதான். அந்தப் படிப்பு இன்று நமக்கு வாய்க்காது. ஆனால் பதிவுகள் இருக்கின்றன.

1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில், எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சியார் வாசித்த 'சிங்கார வேலனே தேவா' ஆபேரி ராகம். ஊரில் தெரியாதவர் கிடையாது, எல்லாச் செட்டும் வாசிக்கிறது. ஆனால் பாட்டாக வாசிக்கிறார்களே தவிர அதற்குள் இருக்கும் ராகத்தை எடுப்பதில்லை. குரலும் நாயனமும் மாறி மாறி ஸ்வரம் பேசும் பகுதியை மட்டும் தனியாக எழுதுங்கள். குரல் ஒரு பிடியைத் தருகிறது, நாயனம் அதை எப்படி வாங்கிக்கொள்கிறது? அப்படியே திருப்புகிறதா, அதிலிருந்து இன்னொரு படி ஏறுகிறதா, எந்த ஸ்வரத்தில் கொண்டுவந்து ஒப்படைக்கிறது? கற்பனை ஸ்வரம் வாசிப்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதைச் சுத்த தன்யாசிக்குப் பக்கத்தில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆபேரியின் ஆரோகணமும் ஸ க ம ப நி ஸ தான். ஏறும்போது இரண்டு ராகத்துக்கும் அதே ஸ்வரங்கள். இறங்கும்போது ஆபேரியில் தைவதமும் ரிஷபமும் சேர்ந்துகொள்ளும்: ஸ நி த ப ம க ரி ஸ. (தீட்சிதர் மரபில் ஆபேரிக்குச் சுத்த தைவதம். இன்று எல்லோரும் வாசிப்பது சதுச்ருதி தைவதம். இந்தப் பயிற்சிக்கு இன்றைய வழக்கையே வைத்துக்கொள்வோம்.)

பயிற்சி இதுதான். ஏறுமுகப் பிடிகளை மட்டும் வாசித்து, கேட்கிற நண்பரை எந்த ராகம் என்று சொல்லச் சொல்லுங்கள். 'ப நி த ப' வந்தால் அவர் உடனே சொல்லிவிடுவார், 'க ரி ஸ' வந்தாலும் சொல்லிவிடுவார். அவை வராமலே, ஏறும் விதத்திலேயே, நிற்கும் இடத்திலேயே ராகத்தைக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். கழுகுமலைக் கீர்த்தனை எந்த ஸ்வரத்தில் நின்று இளைப்பாறுகிறது, 'சிங்கார வேலனே' எங்கே நிற்கிறது என்று உங்கள் நோட்டில் வட்டமிட்டு வைத்திருக்கிறீர்கள். பதில் அங்கேதான் இருக்கிறது. உங்கள் வாசிப்பைக் கைப்பேசியில் பதிவுசெய்து மறுநாள் கேளுங்கள். சுத்த தன்யாசியில் இறங்கும்போது ரிஷபம் கசிந்திருந்தால் ஆபேரி நுழைந்துவிட்டது. பஞ்சமம் விலகி தைவதம் தட்டியிருந்தால் ஹிந்தோளம் கூப்பிடுகிறது.

சங்கதியும் நிரவலும்

தியாகராஜர் கீர்த்தனையில் ஒரே வரி ஐந்தாறு விதமாகத் திரும்பத் திரும்ப வரும். மாணவர்கள் அதை எண்ணி மனப்பாடம் செய்கிறார்கள். அதை ஒரு வித்வான் அந்த வரியை எப்படி வளர்த்தார் என்ற கதையாகப் படியுங்கள். முதல் சங்கதியில் எது இருந்தது, இரண்டாவதில் எந்த இடம் மட்டும் மாறியது, எது கடைசிவரை மாறாமல் நின்றது? பெரும்பாலும் தொடக்கமோ முடிவோ நிலைத்திருக்கும், நடு மட்டும் விரியும். கடைசி இரண்டு சங்கதியைக் கேட்காமல் நிறுத்திவிட்டு, முன்னவற்றின் போக்கிலிருந்து நீங்களே ஒன்றைச் செய்யுங்கள். பிறகு மீதியைக் கேளுங்கள். உங்களுடையது ஏன் தளர்வாக இருக்கிறது என்று அப்போது விளங்கும்.

அதே வேலையைச் சாகித்தியத்தோடு மேடையில் செய்வதுதான் நிரவல். 'ஓ ரங்கசாயி'யில் சரண வரியை நிரவலுக்கு எடுப்பது வழக்கம். எந்த வரியை எடுப்பது, அந்த வரியின் எந்தச் சொல் தாளத்தின் எந்த அட்சரத்தில் விழ வேண்டும் என்பதைப் பழைய பதிவுகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாயனத்தில் சொல் கேட்காது என்று அலட்சியம் வேண்டாம். சொல்லை மனதில் வைத்து ஊதுகிறவரின் துத்தகாரம் அந்தச் சொல்லின் குறில் நெடிலோடு விழும். பாட்டு தெரிந்த கேட்பவர் உடனே தலையாட்டுவார்.

ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: இப்படிக் கீர்த்தனையிலிருந்து எடுத்தால் அது திருட்டு மாதிரி கேட்காதா, ராகம் வாசிக்கும்போதே கீர்த்தனை தெரிந்துவிடாதா? தொடக்கத்தில் தெரியும். தெரியட்டும். ஆலாபனையிலேயே வரப்போகும் கீர்த்தனையின் நிழலைக் காட்டுவது பெரிய வித்வான்களே செய்வதுதான். மூன்று நாலு கீர்த்தனை அதே ராகத்தில் சேர்ந்தபின் எந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே மறந்துபோகும். அதுவரை ஒவ்வொரு மாதமும் ஆசிரியரிடம் வாசித்துக் காட்டுங்கள். ராகத்துக்குள் நின்றீர்களா, வெளியே போனீர்களா என்பதைப் பதிவுக் கருவி சொல்லாது. ஊரில் ஆசிரியர் இல்லாதவர்களுக்குத் திருநெல்வேலி அரசு இசைப்பள்ளி இருக்கிறது, நாதஸ்வரமும் தவிலும் பாட்டும் மூன்று வருடப் படிப்பாகச் சொல்லித் தருகிறார்கள்.

அடுத்த கீர்த்தனை

கழுகுமலைக் கீர்த்தனையிலிருந்து பத்து நிமிடம் சுத்த தன்யாசி வாசிக்க வந்ததும் ராகத்தை மாற்றாதீர்கள், கீர்த்தனையை மாற்றுங்கள். முத்தையா பாகவதரின் 'ஹிமகிரி தனயே' அதே ராகம். தீட்சிதருக்கும் பாகவதருக்கும் நடுவே ஏறக்குறைய நூறு வருடம். ஒருவர் வீணைக்காரர், மற்றவர் ஹரிகதை செய்து ஊர் ஊராகக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். ஐந்தே ஸ்வரம் இருவர் கையிலும் எப்படி வேறு வேறாக நடக்கிறது என்று எழுதிப் பாருங்கள். நோட்டில் இடப்பக்கம் தீட்சிதர், வலப்பக்கம் பாகவதர். இரண்டு பக்கத்திலும் வருகிற பிடிகளை ஒரு நிறத்திலும், ஒரு பக்கத்தில் மட்டும் வருகிறதை வேறு நிறத்திலும் குறியுங்கள். இரண்டிலும் இருப்பவை ராகத்துக்குச் சொந்தம், அவற்றை ஆலாபனையின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். ஒருவரிடம் மட்டும் இருப்பவை அவரவர் கற்பனை. அவற்றை நடுவில், ராகம் நிலைபெற்ற பிறகு எடுங்கள். மூன்றாவதாக தியாகராஜரின் 'எந்த நேர்ச்சின' இருக்கிறது. அதையும் இதே நோட்டில், இதே மாதிரி.